தாவூது பாயின் இருபத்தாறு நாள்

செவ்வாய்க்கிழமை காலையில் ஷேக் தாவூதைக் கட்டில் விளிம்பில் உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. போன மாதம் ஒருவர்கூட வேண்டியிருக்கவில்லை.

உதவியாள் காளியாயி அவர் முதுகுக்குப் பின்னால் கையை நுழைத்துத் தூக்கினாள். நர்ஸ் ஜென்சி இரண்டு கால்களையும் பிடித்துத் தரைக்கு இறக்கினாள். உட்கார்ந்த சில நொடிகளிலேயே அவர் வலது பக்கமாகச் சரிந்தார்.

"என்ன பாய், லாரி ஒரு பக்கமா இழுக்குது?" என்றாள் காளியாயி.

"டயர்ல காத்து இல்ல. ஷெட்டுலயே விட்ருங்க."

குவைத்தில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் டேங்கர் ஓட்டியவர் தாவூது. போன ஜூனில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்ரீரங்கத்திலிருக்கும் இந்த முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு வந்தார். மூன்று மாதம் என்று சொல்லிச் சேர்த்தது. ஏழு மாதம் ஆகிவிட்டது.

அவரைத் திரும்பப் படுக்க வைத்தார்கள். நெற்றி வியர்த்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"சிஸ்டர், இவரு டிசம்பர்ல அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வருவாருல்ல?" என்று காளியாயி தாழ்ந்த குரலில் கேட்டாள். "மறுபடியும் ஏதும் அட்டாக் வந்திருக்குமோ?"

ஜென்சிக்கும் அந்தப் பயம்தான். காலையில் லால்குடியிலிருந்து வரும்போது, நெம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் மாறிய நேரத்தில் ரஷீதாவின் போன் வந்திருந்தது. தாவூதின் ஒரே மகள். பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. புருஷன் ஷார்ஜாவில்.

"சிஸ்டர், பொங்கல் வியாபாரம் முடிஞ்சு இந்த ஞாயித்துக்கிழமைதான் லீவு குடுத்திருக்காங்க. வர்றேன். எங்க காம்பவுண்டுல கீழ் வீடு காலியாகுது. ஓனர் ஜெகபர் அலி மாமா எனக்காக நிறுத்தி வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லணும். அத்தா தானா டாய்லெட் போயிட்டு வந்தா போதும், கீழ வீட்டுக்கு மாறிக் கூட்டிட்டுப் போயிடுவேன். மாடியில அவரை ஏத்த முடியாது. நோன்பு வேற வரப்போகுது. வீட்டுல இருக்கணும்னு ஒவ்வொரு போன்லயும் கேக்குறாரு. நடக்குறாருல்ல?"

"நடுவுல காய்ச்சல்ல படுத்துட்டாருங்க. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் ஜென்சி.

பார்த்தாயிற்று. கட்டிலிலிருந்து டாய்லெட்டுக்கு இருபத்து நாலு அடி. தாவூதால் உட்காரவே முடியவில்லை.

*

இல்லம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம். பந்தி பரிமாறிய நீளக் கூடத்தில் இப்போது இரண்டு வரிசையாகக் கட்டில்கள். முப்பத்திரண்டு பேர். பகலுக்கு இரண்டு நர்ஸ் இருக்க வேண்டும். ஒருத்தி நவம்பரில் வேலையை விட்டுப் போனாள். அதிலிருந்து ஜென்சி மட்டும்தான்.

அவள் மேஜைக்கு வந்து தாவூதின் ஃபைலை எடுத்தாள். காய்ச்சல் எப்போது விட்டது, ரத்த அழுத்தம் என்ன, மாத்திரை ஏதாவது மாறியதா என்று பார்க்கத்தான் எடுத்தாள்.

நவம்பர் கடைசியில் டாக்டர் ரஞ்சனி எழுதிய ஆர்டர் இருந்தது. பிசியோதெரபி முடிந்தது, இனி நர்ஸுகள் தொடர வேண்டிய மீள்பயிற்சி: தினமும் இரண்டு வேளை, வாக்கருடன் முப்பது அடி நடை, பத்து முறை உட்கார்ந்து எழுதல், இடது கையால் தானே சாப்பிடுதல், சட்டைப் பொத்தானைத் தானே போடுதல். மருந்து ஒன்றும் இல்லை. கற்றது மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பயிற்சி.

அதற்கும் டாக்டர் எழுதியாக வேண்டும். ஆகஸ்டில் ஒரு பெரியவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு வந்த விதி அது. டாக்டர் கையால் எழுதாமல் யாரையும் நிற்க வைக்கக் கூடாது. அந்த ஆர்டர்களைப் பார்த்துத்தான் காளியாயி தினமும் யாரை நடக்க வைக்க வேண்டும் என்ற பட்டியல் வெள்ளைப் பலகையில் ஏறும்.

அடுத்த பக்கம் கிறிஸ்துமஸ் அன்று எழுதியது. அன்று ஜென்சி லீவு. தாவூதுக்கு மூத்திரத்தில் தொற்று, நூற்று மூன்று காய்ச்சல். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: படுக்கையில் முழு ஓய்வு.

எத்தனை நாள் என்று எழுதவில்லை.

ஜென்சி பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த வியாழக்கிழமை. சி.எஸ்.டி. அதற்கடுத்த வியாழன். சி.எஸ்.டி. பொங்கலுக்கு முந்தின நாள். சி.எஸ்.டி.

இதே சிகிச்சை தொடரட்டும் என்பதற்கான மூன்று எழுத்து. தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் அந்த எழுத்துகளைப் பார்க்கலாம். மூன்றின் கீழும் டாக்டரின் கையெழுத்து. மூன்றையும் எழுதியது ஜென்சி.

அது அங்கே வழக்கம். டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். முப்பத்திரண்டு ஃபைலிலும் தேதி, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எழுதி, மாற்றம் இல்லாதவர்களுக்கு சி.எஸ்.டி.யும் போட்டு நர்ஸ் அடுக்கி வைத்துவிடுவாள். டாக்டர் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போவார். முதல் சி.எஸ்.டி. எழுதிய வாரம் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், பஸ்ஸையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் காரை மாம்பழச்சாலையில் விட்டு நடந்து வந்தார். வரும்போதே ஒரு மணி நேரம் தாமதம். ஜென்சி இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைல்களை முந்தின நாளே எழுதி வைத்திருந்தாள். தாவூதுக்குக் காய்ச்சல் விட்டாயிற்று, ஆன்டிபயாடிக் முடிந்தது, புதிதாக ஒன்றுமில்லை. சி.எஸ்.டி.

எந்த சிகிச்சை தொடர்கிறது என்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. தொடர்ந்தது படுக்கை.

விரலை விட்டு எண்ணினாள். இருபத்தாறு நாள்.

இதில் ஒளிந்திருந்தது எதுவுமில்லை. தினமும் அவர் அங்கேதான் படுத்திருந்தார். தினமும் அவள்தான் மாத்திரை கொடுத்தாள். ஒருநாள் அவர் கேட்கவும் செய்தார், "சிஸ்டர், நம்ம வண்டியை எப்ப எடுக்குறது?" என்று. "நாளைக்குப் பார்க்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். காளியாயியும் சும்மா இல்லை. பலகையில் பேர் இல்லை, அதனால் விட்டுவிட்டாள். பட்டியலில் ஒரு பேர் குறைந்தால், ஏன் குறைந்தது என்று அங்கே யாரும் போய்க் கேட்பதில்லை.

ஜென்சி நாற்காலியில் உட்கார்ந்தாள்.  டாக்டருக்குப் போன் போட்டாள்.

*

"இன்னைக்கே நிக்க வைக்கலாமா மேடம்?" என்று போனில் கேட்டாள்.

"நாலு வாரம் படுத்தவரை நேர்ல பார்க்காம நிக்க வைக்கச் சொல்ல முடியாது ஜென்சி. சட்டுனு எழுப்பினா பிரஷர் இறங்கி மயங்கி விழுவாரு. வியாழக்கிழமை வர்றேன்ல? அதுவரைக்கும் முதுகுக்குத் தலகாணி குடுத்துச் சாய்ச்சு வை. கட்டில்லயே காலை மடக்கி நீட்ட வை."

சரியான பதில்தான். இரண்டு நாள் போயிற்று.

வியாழக்கிழமை ரஞ்சனி வந்தார். ஐம்பது வயது இருக்கும். தில்லைநகரில் கிளினிக், காலையில் ஒரு ஆஸ்பத்திரி, இடையில் இந்த இல்லம். தாவூதைப் படுத்தபடி பார்த்தார், உட்கார வைத்துப் பார்த்தார். கண்களில் விளக்கடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு உள்ளங்காலையும் கீறிப் பார்த்தார். பிறகு ஃபைலைத் திருப்பினார். திருப்பித் திருப்பிக் கிறிஸ்துமஸ் பக்கத்துக்கு வந்து நின்றார்.

ஆன்டிபயாடிக் எழுதிய வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"புதுசா ஸ்ட்ரோக் ஒண்ணும் இல்ல" என்றார். "தசை இளைச்சிருக்கு. அவ்வளவுதான்."

"எழுதினது நான் மேடம்."

"கையெழுத்துப் போட்டது நான்" என்று பேனாவைத் திறந்தார். இந்த முறை மெதுவாக, வரி வரியாக எழுதினார். ஓய்வு ரத்து. இன்று உட்கார மட்டும், ஐந்து நிமிடம், நான்கு முறை. நாளை நிற்க. இரண்டு பேர் துணை, இடுப்பில் பெல்ட். முன்னும் பின்னும் பிரஷர் பார்க்க. சனிக்கிழமை முதல் நடை, முடிந்த அளவு, தினம் இரண்டு வேளை.

மேனேஜர் செபஸ்தியான் அலுவலக அறையிலிருந்து வந்து நின்றிருந்தார். ஃபைலை எட்டிப் பார்த்தவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வீட்டுக்காரங்களுக்கு என்ன சொல்றது மேடம்?"

ரஞ்சனி ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் போட்டார். "அறுபத்தாறு வயசு. ஸ்ட்ரோக் வந்த உடம்பு. அதுக்கு மேல கடுமையான இன்ஃபெக்ஷன். இப்படி ஆகுறது உண்டு. அதைச் சொல்லுங்க. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். ஜென்சி அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எந்த வார்த்தையும் தப்பில்லை.

டாக்டர் போனதும் செபஸ்தியான் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. அவருக்கும் களைப்புதான். ஆள் கிடைக்காமல் அவரே இரண்டு நாளாகச் சமையல்கட்டில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், தாவூது பொண்ணுகிட்ட இந்த ஓய்வு விஷயத்தை எடுக்காதீங்க. காய்ச்சலுக்கப்புறம் பலவீனம்னு சொல்லுங்க. ஒருத்தர்கிட்ட சொன்னா முப்பத்திரண்டு குடும்பமும் ஃபைலைக் காட்டுன்னு வந்து நிக்கும். முதல்ல யாரு போவா தெரியுமா? நீங்கதான். டாக்டரா போவாங்க?"

"அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை முடிவு சொல்லப் போறாங்க சார். வீட்டை விட்டுட்டாங்கன்னா பாய் இங்கயேதான்."

"இங்க இருந்தா என்ன? நாம பார்த்துக்க மாட்டமா?"

ஜென்சிக்குப் பதில் இருந்தது. சொல்லவில்லை. லால்குடியில் அவள் புருஷன் மூன்று மாதமாகப் பட்டறை வேலைக்குப் போகவில்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். செபஸ்தியானின் நாற்காலிக்கு எதிரில் நிற்கும்போது அதுவும் கூடவே நின்றது.

*

வெள்ளிக்கிழமை நிற்க வைத்தார்கள். முதல் தடவை எட்டு நொடி. இரண்டாவது தடவை காளியாயியின் புடவைத் தலைப்பை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க பாய், அவுந்துரும். எங்க வீட்டுக்காரரே இவ்வளவு உரிமையாப் பிடிச்சதில்ல."

"உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு காலும் இருந்துச்சுல்ல, ஓடிட்டாரு."

"ஓடலை, ஜீயபுரத்துல வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருக்காரு. நிமிந்து நில்லுங்க."

சிரித்ததில் முழங்கால் மடங்கியது. இரண்டு பேரும் தாங்கி உட்கார வைத்தார்கள். 

சனிக்கிழமை மூன்று அடி. சாயங்காலம் இரண்டு. ஜென்சி தன் சாப்பாட்டு நேரத்தையும் அவரிடம் செலவழித்தாள். பலகையிலிருந்த மற்ற பதினொரு பேரின் நடையும் பின்னுக்குப் போனது. மூன்றாவது கட்டில் பாப்பாயி அம்மாள், "அவருக்கு மட்டும்தான் கால் இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி நியாயம்தான். பாப்பாயி அம்மாளையும் ஒரு சுற்று நடக்க வைத்தபோது மணி இரண்டே முக்கால். டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் வறண்டு கிடந்தது.

தாவூது அன்று சாயங்காலம் கேட்டார்: "சிஸ்டர், நாளைக்கு இருபத்து நாலு வருமா?"

"வராது பாய்."

"புள்ளை என்ன சொல்லும்?"

ஜென்சி பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். 

"கால் என்னை விட்டுட்டுப் போச்சும்மா" என்றார் அவர். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பஸ் போய்விட்டது என்பதுபோலச் சொன்னார்.

*

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ரஷீதா வந்தாள். கையில் ஒரு பையில் புது லுங்கி இரண்டு, இன்னொரு பையில் மாதுளம்பழம். கறுப்பு புர்க்கா, தோளில் கடை வேலைக்காரர்களுக்கே உரிய சாய்வு. பகல் முழுவதும் நின்று நின்று வந்தது.

"அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். என்ன இவ்வளவு இளைச்சிட்டீங்க?"

"வ அலைக்கும் ஸலாம். நீ மட்டும் என்ன, பிரியாணி அண்டா மாதிரியா இருக்கே?"

இருவரும் சிரித்தார்கள். ரஷீதா அவர் தலையைக் கோதிவிட்டாள். பிறகு ஜென்சியைப் பார்த்தாள். "நடக்கச் சொல்லுங்க சிஸ்டர், பார்க்கலாம்."

செபஸ்தியானும் வந்து தூண் ஓரத்தில் நின்றுகொண்டார்.

பெல்ட்டைக் கட்டி எழுப்பினார்கள். வாக்கரை முன்னால் வைத்தார்கள். தாவூது பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை எடுத்து வைத்தார். வலது கால் தரையை இழுத்துக்கொண்டு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்றில் நின்று மூச்சு வாங்கினார். நான்கு. மகளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். ஐந்து. ஆறாவது அடியில் முழங்கால் ஆட ஆரம்பித்தது. காளியாயி அவருக்குப் பின்னால் நாற்காலியைத் தள்ளினாள். தொப்பென்று உட்கார்ந்தார்.

டாய்லெட் கதவு தூரத்தில் இருந்தது.

ரஷீதா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டிசம்பர்ல வீடியோ கால்ல காட்டினீங்களே சிஸ்டர்? தனியா போனாரே?"

செபஸ்தியான் முந்திக்கொண்டார். "காய்ச்சல் ரொம்பக் கடுமைம்மா. வயசும் ஆச்சு. டாக்டரும் பார்த்துட்டுச் சொன்னாங்க. இந்த நோய் அப்படித்தான், ஏறும், இறங்கும்."

ரஷீதா தலையாட்டினாள். அழவில்லை. கொண்டுவந்த லுங்கிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நிதானமாக அடுக்கினாள். வீட்டுக்கு எடுத்துப் போகவென்று வெளியே இழுத்து வைத்திருந்த அவருடைய பழைய பெட்டியை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"சரி அத்தா. நீங்க இங்கயே இருங்க. நல்லாத்தான் பார்த்துக்குறாங்க. நான் ஜெகபர் மாமாவுக்குப் போன் பண்ணி, கீழ் வீடு வேண்டாம்னு சொல்லிடுறேன். வேற யாரோ கேட்டுக்கிட்டிருக்காங்களாம்."

தாவூது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ம்" என்றார்.

ரஷீதா போனை எடுத்தாள்.

"பண்ணாதீங்க" என்றாள் ஜென்சி.

செபஸ்தியான் அவளைப் பார்த்தார். ஜென்சி அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். மேஜைக்குப் போய் ஃபைலை எடுத்து வந்தாள். கிறிஸ்துமஸ் பக்கத்தைத் திறந்து ரஷீதாவின் முன்னால் கட்டிலில் வைத்தாள்.

"காய்ச்சல் வந்தப்ப டாக்டர் படுக்கையில ஓய்வுன்னு எழுதினாங்க. அது சரி. அஞ்சே நாள்ல காய்ச்சல் விட்டுச்சு. அன்னைக்கே ஓய்வை நிறுத்தி நடக்க வெச்சிருக்கணும். இங்க பாருங்க, இந்த மூணு வாரமும் 'இதே சிகிச்சை தொடரட்டும்'னு இருக்கு. கீழ டாக்டர் கையெழுத்து. மேல எழுதினது நான். முன்பக்கத்தைப் பார்க்காம எழுதிட்டேன். இருபத்தாறு நாள் அவரைச் சும்மா படுக்க வெச்சிருந்தோம்."

ரஷீதா போனைக் கட்டிலில் வைத்தாள்.

"அப்ப அத்தாவுக்கு மறுபடியும் அட்டாக் வரலையா?"

"வரலை. டாக்டர் வியாழக்கிழமை நல்லாப் பார்த்துட்டாங்க."

"நோய் முத்தலையா?"

"இல்லங்க. கால் போனது நோயால இல்ல. படுத்ததால."

ரஷீதா ஃபைலை எடுத்தாள். பக்கங்களைத் திருப்பினாள். அவளுக்கு அந்த எழுத்து முழுவதும் புரிந்திருக்காது. தேதிகள் புரிந்தன.

"நான் தினமும் போன்ல கேட்டேன்ல? நல்லா இருக்காருன்னு சொன்னீங்கள்ல?"

"சொன்னேன்."

"கடையில நின்னுக்கிட்டு, எங்க அத்தா நடக்குறாருன்னு வர்ற கஸ்டமர்கிட்டகூடச் சொல்லிக்கிட்டிருந்தேன் சிஸ்டர். துணியை மடிச்சுக்கிட்டே சொல்லுவேன்." குரல் உயர்ந்தது. "உங்க அப்பாவா இருந்தா இப்படி எழுதுவீங்களா?"

 எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஜென்சிக்கே நம்பிக்கை இல்லை. அந்த வாரம் யாராக இருந்தாலும் எழுதியிருப்பாள்.

சுவரைப் பார்த்திருந்த தாவூது மெல்லத் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை என்னைத் தூக்கி உக்கார வெச்சீங்களே, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் பாய்."

"நான் என் கால்தான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். கேட்டா அதைத்தான் சொல்லுவீங்கன்னு பயந்து கேக்காமலே கிடந்தேன்." மூச்சு வாங்கினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சிஸ்டர். அஞ்சு நாளு."

அது ரஷீதா சொன்னதைவிட அதிகமாக இறங்கியது. ஜென்சி தலையை மட்டும் அசைத்தாள்.

ரஷீதா ஃபைலை மூடினாள். "திரும்ப நடப்பாரா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். செவ்வாய்க்கிழமை உக்கார முடியலை, இன்னைக்கு ஆறு அடி. முன்னாடி முப்பது அடிக்கு வர நாலு மாசம் ஆச்சு. ஒரு தடவை பழகின உடம்பு, இப்ப அவ்வளவு நாள் ஆகாதுன்னு நினைக்கிறேன். நோன்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள முடியாது. பெருநாளைக்கு முடியலாம். முடியாமலும் போகலாம்."

"முடியலாம்ல?"

"முடியலாம்."

ரஷீதா போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். அவள் பேசியது கூடம் வரை கேட்டது.

"மாமா... ஆமா, எடுத்துக்குறோம். வேற யாருக்கும் குடுத்துராதீங்க... இல்ல, அத்தா இப்ப வரலை. நாங்க முதல்ல கீழ இறங்கி வந்துர்றோம்... வருவாரு மாமா. இன்ஷா அல்லாஹ். டாய்லெட்ல பிடிச்சுக்கக் கம்பி அடிக்கணும், ஆள் இருந்தா சொல்லுங்க."

செபஸ்தியான் இன்னும் தூண் ஓரத்திலேயே இருந்தார். "நாளைக்கு டிரஸ்டிக்கு நான் பதில் சொல்லணும் சிஸ்டர்" என்றார்.

"நானும் வர்றேன் சார்."

"வந்துதான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனார்.

ரஷீதா திரும்பி வந்தாள். "ஒரு பேப்பர் குடுங்க சிஸ்டர். புகார் எழுதித் தரப்போறேன். உங்க முழுப் பேர் என்ன?"

"ஆரோக்கிய ஜென்சி."

பேப்பரும் பேனாவும் ஜென்சிதான் கொடுத்தாள். ரஷீதா கட்டில் மேஜையில் வைத்து எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. டாக்டர் பேரையும் எழுதினாள். மடித்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்து அத்தாவுக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தாள். அவர் இடது கையால் ஒவ்வொரு முத்தாக எடுத்துச் சாப்பிட்டார். 

நாலு மணிக்கு ஜென்சி பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மறுபடியுமா?" என்றார் தாவூது.

"ரெண்டு வேளைன்னு ஆர்டர் பாய்."

"நான் பிடிக்கிறேன்" என்று ரஷீதா எழுந்தாள். "வீட்டுக்கு வந்தா நான்தானே பிடிக்கணும். எங்க பிடிக்கணும்னு சொல்லுங்க."

"கையைப் பிடிக்காதீங்க, தோள் கழண்டுரும். பின்னால பெல்ட்டைக் கீழ இருந்து மேல பிடிங்க. இன்னொரு கை முன்னால, தோள் கிட்ட. அவரோட வலது பக்கம் நில்லுங்க, விழுந்தா அந்தப் பக்கம்தான் விழுவாரு. இழுக்க வேண்டாம். அவரே எந்திரிக்கட்டும்."

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. நின்றுவிட்டார்.

"காலையில ஆறு வந்துச்சே?" என்றாள் ரஷீதா பயந்துபோய்.

"சாயங்காலம் குறையும். அப்படித்தான்."

ரஷீதா பெல்ட்டை விடவில்லை. "காலையில கடைக்கு முன்னாடி, ஏழரை மணிக்கு வந்தா உள்ள விடுவீங்களா?"

"பார்க்குற நேரம் பத்து மணிக்குத்தான்."

"நான் அதைக் கேக்கலை."

"வாங்க. என்னை வேலையில வெச்சிருந்தா ஏழு மணிக்கே இருப்பேன். இல்லைன்னா காளியாயி இருப்பாங்க, அவங்களுக்கும் தெரியும்."

"புகாரை வாபஸ் வாங்க மாட்டேன் சிஸ்டர்."

"வேண்டாங்க."

தாவூது வாக்கரில் தொங்கியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முழங்கால் ஆட ஆரம்பித்திருந்தது.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்கன்னா," என்றார், "யாராச்சும் அந்த நாற்காலியைத் தள்ளுங்கம்மா."